எதனால் அடித்தான்?

1989 அக்டோபர் 7. மிச்சிகன் ஏரிக்கரையில், விஸ்கான்சின் மாகாணத்தின் தென்கோடியில் கெனோஷா என்றொரு கார்த் தொழிற்சாலை ஊர். அந்த வருடத்தில் அந்தப் பெயரே பழங்கதையாகிவிட்டது. கிரைஸ்லர் நிறுவனம் அங்கே கார் கட்டுவதை நிறுத்தி இன்னும் ஓராண்டு முடியவில்லை. ஐயாயிரம் பேருக்கு மேல் வேலை போயிருந்தது. அன்று மாலை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கறுப்பின வாலிபர்களும் பையன்களுமாக ஒரு கூட்டம் சேர்ந்து சினிமாப் பேச்சு பேசிக்கொண்டிருந்தது. படம், முந்தைய ஆண்டு வெளிவந்த 'மிசிசிப்பி பர்னிங்'. அதில் ஜெபம் செய்துகொண்டிருக்கும் கறுப்பினச் சிறுவனை ஒரு வெள்ளையன் அடித்து நொறுக்கும் காட்சி ஒன்று உண்டு. பேச்சு அந்தக் காட்சியையே சுற்றிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் இருந்த டாட் மிட்செலுக்கு வயது 19. வெள்ளையர் யாரையாவது ஒரு கை பார்க்கும் அளவுக்கு உங்களுக்குச் சூடேறியிருக்கிறதா என்று மற்றவர்களைக் கேட்டான். எல்லோரும் வெளியே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவின் எதிர்ச்சாரியில் 14 வயது வெள்ளைக்காரப் பையன் ஒருவன் வந்தான். இவர்களிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதோ ஒரு வெள்ளைப் பையன் போகிறான் என்று மிட்செல் சொன்னான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். கையை நீட்டிக் காட்டினான்.

ஓடியவர்கள் பையனை அடித்துப் போட்டார்கள். காலில் இருந்த ஷூவையும் கழற்றிக்கொண்டார்கள். அவன் நான்கு நாள் நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடந்தான்.

இப்படிக் கொடுங்காயம் விளைவித்ததற்கு விஸ்கான்சின் சட்டப்படி அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. ஆனால் அடிபட்டவரை அவருடைய இனத்தைப் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள் என்று ஜூரி முடிவுசெய்தால் அந்த உச்சவரம்பு 7 ஆண்டாக ஏறும் என்று இன்னொரு பிரிவும் இருந்தது. ஜூரி அப்படியே முடிவுசெய்தது. மிட்செலுக்கு 4 ஆண்டு கிடைத்தது. வெறுப்புக் குற்றச் சட்டம் அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதுதானா என்ற பெரிய கேள்வியை வாஷிங்டன் வரை தூக்கிக்கொண்டு போனது இந்த வழக்குதான்.

தமிழில் 'எதனால் அடித்தான்?' என்று கேட்டால் பதில் இரண்டு விதமாக வரும். 'கட்டையால்' என்பார் ஒருவர். 'பொறாமையால்' என்பார் மற்றவர். 'ஆல்' இரண்டுக்கும் பொது. சாதாரணக் குற்றவியல் சட்டத்துக்கு முதல் பதில் போதும்: எதைக்கொண்டு அடித்தான், வேண்டுமென்று அடித்தானா, காயம் எவ்வளவு. இரண்டாவது பதில், தண்டனை விதிக்கும் நேரத்தில் நீதிபதியின் மனதில் ஓடலாம். குற்றத்தின் இலக்கணத்துக்குள் அதற்கு இடம் கிடையாது. அந்த இரண்டாவது 'ஆல்' உருபை வாசலிலிருந்து கூடத்துக்குள் கூட்டிவந்து உட்கார வைத்ததுதான் வெறுப்புக் குற்றச் சட்டம். அடித்தது நிறத்தால் என்று நிரூபித்தால் தண்டனை கூடும். நிறம் காரணம் என்பது யாருடைய வழக்கில் பளிச்சென்று கண்ணில் படுகிறது, யாருடைய வழக்கில் விளக்கேற்றித் தேடினாலும் அகப்பட மறுக்கிறது என்பதில் இருக்கிறது சிக்கல். அதற்கு நூற்றைம்பது வருடக் கதை உண்டு.

அந்தக் கதை லூசியானாவில், ரெட் நதிக்கரையில் தொடங்குகிறது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலையாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. புதிதாக ஒரு வட்டாரத்தை உண்டாக்கி அதற்குக் குடியரசுத் தலைவர் கிராண்ட்டின் பெயரையும், தலைநகரான சிற்றூருக்குத் துணைத் தலைவர் கோல்ஃபாக்ஸின் பெயரையும் வைத்தார்கள். பெயர் பெரிது, நீதிமன்றக் கட்டடமோ பழைய தோட்ட முதலாளி ஒருவரின் குதிரை லாயம். 1872 மாகாணத் தேர்தலில் வென்றது யார் என்ற தகராறில், அந்த லாய நீதிமன்றத்தைக் கறுப்பினத்தவர்கள் காவல் காத்து நின்றார்கள். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. குதிரைகளோடும் ஒரு சிறு பீரங்கியோடும் வெள்ளையர் படை வந்தது. கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். சரணடைந்து வெளியே வந்தவர்களைச் சுட்டார்கள். சிறைபிடித்து வைத்திருந்தவர்களை இரவில் அழைத்துப்போய்ச் சுட்டார்கள். செத்த வெள்ளையர் மூன்று பேர். செத்த கறுப்பினத்தவர் அறுபது என்பாரும் உண்டு, நூற்றைம்பது என்பாரும் உண்டு. சரியாக எண்ணிவைக்க யாரும் மெனக்கெடவில்லை.

உள்ளூர் நீதிமன்றத்தில் இதற்கு நியாயம் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே 1870இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது: ஒரு குடிமகனின் உரிமையைப் பறிக்க இருவரோ அதற்கு மேலோ சேர்ந்து சதி செய்தால் அது மத்தியக் குற்றம். நியூ ஆர்லியன்ஸில் இருந்த மத்திய அரசு வழக்கறிஞர் ஜேம்ஸ் பெக்வித் ஏறத்தாழ நூறு பேர் மீது வழக்குத் தொடுத்தார். கையில் சிக்கியது ஒன்பது பேர். தண்டனை பெற்றது மூன்று பேர், அதுவும் கொலைக்காக அல்ல, சதிக்காக. அவர்களில் ஒருவரான குரூக்‌ஷாங்கின் பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

1876 மார்ச் 27. தலைமை நீதிபதி மாரிசன் வெய்ட் தீர்ப்பு வாசித்தார். அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் கட்டுப்படுத்துவது மாகாண அரசுகளை. தனி மனிதர் தனி மனிதரைக் கொன்றால் அதைப் பார்க்க வேண்டியது மாகாணம். இது தீர்ப்பின் பிரபலமான பாதி. அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி இருக்கிறது. குற்றப்பத்திரிகையில் இவர்கள் செய்தது இனத்தின் காரணமாக, நிறத்தின் காரணமாக என்று எங்குமே சொல்லப்படவில்லை என்றார் வெய்ட். இந்தப் பகைக்கு இனமே காரணம் என்று நாம் சந்தேகிக்கலாம். ஆனால் பத்திரிகையில் அப்படி எழுதவில்லையே என்றார்.

லாய வாசலில் விழுந்து கிடந்த பிணங்களின் நிறத்தைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. காகிதத்தில் ஓர் உருபு விட்டுப்போனதைப் பார்த்த நீதிமன்றத்துக்கு மட்டும் வந்தது. மூவரும் வீட்டுக்குப் போனார்கள். தெற்கு மாகாணங்களில் முகமூடிப் படைகளுக்கு அந்தத் தீர்ப்பு கொடுத்த தைரியம் எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் நீடித்தது.

கெனோஷாப் பையன்கள் பேசிக்கொண்டிருந்த படத்துக்கு மூலக்கதை, அந்தத் தைரியத்தின் கடைசி அத்தியாயங்களில் ஒன்று. 1964 ஜூன் 21 அன்று மிசிசிப்பியின் பிலடெல்பியா என்ற ஊருக்கு அருகே சேனி, குட்மேன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்களைக் கொன்று ஒரு மண் அணைக்குள் புதைத்தார்கள். சேனி கறுப்பினத்தவர், மற்ற இருவர் யூதர்கள். வாக்குரிமைப் பணிக்கு வந்தவர்கள். 44 நாள் கழித்துத்தான் உடல்கள் கிடைத்தன. மிசிசிப்பி மாகாணம் கொலை வழக்கே போடவில்லை. மத்திய அரசு தேடி எடுத்தது எதை? அதே 1870 சட்டத்தின் வழிவந்த சதிப் பிரிவை. 18 பேர் மீதான வழக்கில் 1967இல் 7 பேருக்குத் தண்டனை. மூன்று உயிருக்கு அதிகபட்சம் 10 ஆண்டு. அதைக்கூட யாரும் முழுதாக உள்ளே இருந்து கழிக்கவில்லை. மாகாணம் விழித்துக்கொண்டு சூத்திரதாரி எட்கர் ரே கில்லனைத் தண்டித்தபோது 2005 ஆகியிருந்தது. அவருக்கு வயது 80.

படத்தில் இதெல்லாம் இல்லை. துப்பறியும் வெள்ளை அதிகாரிகள் இருவர் கதாநாயகர்கள். கறுப்பினத்தவர்கள் பெரும்பாலும் அடி வாங்குகிறார்கள், அழுகிறார்கள், பாடுகிறார்கள். கெனோஷாவில் அன்று கொதித்த ரத்தத்தில் அந்தப் படமெடுத்த விதத்துக்கும் பங்கு உண்டோ என்னவோ.

இனி டெட்ராய்ட். 1982 ஜூன் 19. வின்சென்ட் சின் என்ற 27 வயது சீன வம்சாவளி வரைவாளருக்கு இன்னும் ஒன்பது நாளில் கல்யாணம். நண்பர்களோடு ஒரு நடன விடுதிக்குப் போயிருந்தார். ஜப்பான் கார்கள் அமெரிக்கச் சந்தையில் புகுந்து டெட்ராய்ட் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்த காலம். எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் கிரைஸ்லர் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ரொனால்ட் எபன்ஸ். கூடவே அவருடைய மனைவியின் மகன் மைக்கேல் நிட்ஸ். நிட்ஸும் கிரைஸ்லரில் வேலை பார்த்து, வேலை போனவர். உங்களால்தான் எங்களுக்கு வேலை போச்சு என்று எபன்ஸ் கெட்ட வார்த்தையோடு கத்தியதை அங்கிருந்த நடனப் பெண் ஒருவர் கேட்டார். சின் சீனர், ஜப்பானியர் அல்லர் என்பது கத்தியவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. கைகலப்பு ஓய்ந்து எல்லோரும் வெளியேறிய பிறகும் இருவரும் காரில் ஏறி சின்னைத் தேடி அலைந்தார்கள். ஒரு மெக்டொனால்ட்ஸ் வாசலில் கண்டுபிடித்தார்கள். நிட்ஸ் பிடித்துக்கொள்ள, எபன்ஸ் பேஸ்பால் மட்டையால் தலையில் அடித்தார். நான்கு நாள் கழித்து சின் இறந்தார். கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் சாவுக்கு வந்தார்கள்.

'மட்டையால்' என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 'உங்களால்தான்' என்று அவரே வாயால் சொன்ன 'ஆல்' என்ன ஆனது?

1983 மார்ச்சில் தண்டனை விதிப்பு. கொலைக் குற்றம், பேரம் பேசி, உள்நோக்கமற்ற கொலையாகக் குறைக்கப்பட்டிருந்தது. அன்று நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் இல்லை. சின்னின் தாய் லில்லிக்குத் தகவலே போகவில்லை. நீதிபதி சார்லஸ் காஃப்மன் இருவருக்கும் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் தலா 3,000 டாலர் அபராதமும் விதித்தார். கோர்ட்டுச் செலவு தனி. இவர்கள் சிறைக்கு அனுப்பக்கூடிய வகையைச் சேர்ந்த ஆட்கள் இல்லை என்றார். குற்றத்துக்கு ஏற்ற தண்டனை தருவதில்லை, குற்றவாளிக்கு ஏற்ற தண்டனையே தரவேண்டும் என்றும் விளக்கம் சொன்னார். இரட்டை அளவுகோலை ஒருவர் இவ்வளவு கூச்சமில்லாமல் வெளியே எடுத்துக் காட்டுவது அபூர்வம்.

ஆசிய அமெரிக்கர்கள் அதுவரை தனித்தனிக் கடைத்தெருக்களாகப் பிரிந்து கிடந்தவர்கள்: சீனர் ஒருபக்கம், ஜப்பானியர் ஒருபக்கம், கொரியர் ஒருபக்கம். இந்த 3,000 டாலர் அவர்களை ஒன்று சேர்த்தது. பத்திரிகையாளர் ஹெலன் ஜியா, வழக்கறிஞர் லைசா சான் போன்றவர்கள் முன்னே நின்றார்கள். மத்திய அரசு 1968 குடிமை உரிமைகள் சட்டப்படி வழக்குப் போட்டது. 1984இல் எபன்ஸுக்கு 25 ஆண்டு. மேல்முறையீட்டில் அது ரத்து. மறு விசாரணையை டெட்ராய்ட் வேண்டாம் என்று ஒஹையோ மாகாணத்தின் சின்சினாட்டிக்கு மாற்றினார்கள். ஜப்பான் காரால் ஊரே கொதித்துப்போயிருந்த அந்த நாள்களின் வாசனை தெரியாத ஜூரி, 1987 மே மாதம் எபன்ஸை விடுவித்தது. இனம் காரணம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. லில்லி சின் அந்த ஆண்டே சீனாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். கொன்றவர் அந்தக் கொலைக்காகத் தண்டனைக் கைதியாக ஒரு வருடம்கூடக் கழிக்கவில்லை.

மாகாணங்கள் ஒவ்வொன்றாகத் தண்டனைக் கூட்டல் சட்டங்களை இயற்றத் தொடங்கியது இந்தக் காலகட்டத்தில்தான். ஒரேகன், வாஷிங்டன் மாகாணங்கள் 1981இலேயே முந்திக்கொண்டன. நியூ ஜெர்சி வந்து சேர்ந்த வழி நம்மவர் நெற்றியைத் தொட்டுச் செல்கிறது. 1987 கோடையில் ஜெர்சி சிட்டிப் பத்திரிகை ஒன்றுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. எழுதியவர்கள் தங்களை 'டாட் பஸ்டர்ஸ்' என்று அழைத்துக்கொண்டார்கள். 'டாட்' என்றால் பொட்டு. பொட்டுக்காரர்களை ஊரைவிட்டுத் துரத்துவோம், தொலைபேசிப் புத்தகத்தில் 'படேல்' என்ற பெயரைப் பார்த்து வீடு கண்டுபிடிப்போம் என்பது சாரம். அந்தச் செப்டம்பரில் பக்கத்து ஊரான ஹோபோக்கனில் நவ்ரோஸ் மோடி என்ற 30 வயது இளைஞரை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. அவர் பார்ஸி. பொட்டு வைக்கும் வழக்கமே இல்லாத சமூகம். கூட நடந்துவந்த வெள்ளைக்கார நண்பர்மீது ஒரு அடி விழவில்லை. இதைவிடத் தெளிவாக 'நிறத்தால்' என்று எழுதிக்காட்ட முடியுமா? அரசுத் தரப்பு அந்தக் கோணத்தைத் தொடவில்லை. கொலைக் குற்றமும் நிற்கவில்லை. அடிதடிக் குற்றத்தோடு வழக்கு முடிந்தது. இந்தியச் சமூகம் தெருவில் இறங்கியது. 1990இல் நியூ ஜெர்சி தன் சட்டத்தை இயற்றியது.

அதே 1990 ஏப்ரலில் மத்திய அரசும் வெறுப்புக் குற்றப் புள்ளிவிவரச் சட்டம் கொண்டுவந்தது. எண்ணத்தான் சட்டம், தண்டிக்க அல்ல. முதல் ஆண்டுக் கணக்கில் 2,771 காவல் அமைப்புகள் மட்டும் விவரம் கொடுத்தன. வந்த எண்ணிக்கை 4,558. நாட்டில் அத்தகைய அமைப்புகள் பதினாறாயிரத்துக்கு மேல். அந்தச் சட்டம் வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கதை பெரிதாக மாறவில்லை. 2022இல் எஃப்.பி.ஐ. கணக்கு 11,634 சம்பவங்கள். ஆனால் அரசே வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் ஆய்வுகள் ஆண்டுக்குச் சுமார் இரண்டரை லட்சம் என்கின்றன. இடைவெளியில் இருப்பவர்கள், ஸ்டேஷன் படியேறி என்ன ஆகப்போகிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும், படியேறியும் 'சாதாரணத் தகராறு' என்று எழுதி அனுப்பப்பட்டவர்களும். எந்தக் கணக்கை எடுத்தாலும் எஃப்.பி.ஐ. அட்டவணையில் முதலிடம் கறுப்பினத்தவர் மீதான குற்றங்களுக்குத்தான். வெள்ளையர் மீதானவற்றுக்கும் தனிப் பத்தி உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சட்டங்கள் அவர்களைக் கண்டுகொள்வதில்லை என்ற குற்றச்சாட்டு அமெரிக்காவில் அடிக்கடி எழும், கெனோஷா தீர்ப்பை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

கெனோஷா வழக்கு மேலே ஏறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இன்னொரு வழக்கும் ஏறிக்கொண்டிருந்தது. மினசோட்டா மாகாணம், செயின்ட் பால் நகரம், 1990 ஜூன் மாத நள்ளிரவு. உடைந்த நாற்காலிக் கால்களைச் சேர்த்துக் கட்டிச் சிலுவை செய்த வெள்ளைப் பையன்கள் சிலர், அண்மையில் குடிவந்த கறுப்பினக் குடும்பத்தின் வேலிக்குள் அதை நட்டுக் கொளுத்தினார்கள். எரியும் சிலுவை என்பது கூ க்ளக்ஸ் கிளான் அமைப்பின் அழைப்பிதழ். அடுத்து என்ன வரும் என்று அந்த வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். வயது குறைந்தவன் என்பதால் ஆர்.ஏ.வி. என்ற முதலெழுத்துகளால் அறியப்பட்ட பையன்மீது நகராட்சியின் வெறுப்புக் குற்ற விதிப்படி வழக்கு. இன, மத அடிப்படையில் கோபத்தைக் கிளறும் சின்னங்களை அந்த விதி தடைசெய்தது.

1992 ஜூனில் உச்ச நீதிமன்றம் விதியை ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. நீதிபதி ஸ்காலியா எழுதிய தீர்ப்பின் வாதம்: ஒரு தரப்பு எந்தப் பிடியும் போடலாம், மறு தரப்பு மட்டும் குத்துச்சண்டை விதிப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் சண்டை போடவேண்டும் என்று அரசு சொல்லக்கூடாது. வாதத்தில் சுவை உண்டு. ஆனால் நள்ளிரவில் ஜன்னலுக்கு வெளியே நெருப்பைப் பார்த்த குடும்பமும், நாற்காலிக் காலைக் கொளுத்தியவனும் ஒரே கோதாவில் நிற்கும் இரண்டு குத்துச்சண்டை வீரர்கள் என்று எண்ணத் தனி மனப்பக்குவம் வேண்டும்.

பையன்கள் தப்பிவிடவில்லை. மத்திய அரசு அவர்களைப் பிடித்தது. பயன்படுத்திய பிரிவுகளில் ஒன்று அதே சதிப் பிரிவு. கோல்ஃபாக்ஸில் பிசுபிசுத்த துப்பாக்கி நூற்றிருபது ஆண்டு கழித்துச் செயின்ட் பாலில் வெடித்தது.

செயின்ட் பால் தீர்ப்பு வந்த கையோடு, விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் மிட்செலுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது: அடித்ததற்குத் தண்டியுங்கள், மனதில் நினைத்ததற்காகத் தண்டனையைக் கூட்டாதீர்கள். மாகாண அரசு மேலே போனது. 1993 ஜூன் 11 அன்று வாஷிங்டனில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் மாகாணத்தின் பக்கம் நின்றார்கள். எழுதியவர் தலைமை நீதிபதி வில்லியம் ரெங்க்விஸ்ட். சிலுவை எரிப்பது ஒரு செய்தி, அடிப்பது ஒரு செயல். செயலுக்குப் பேச்சுரிமைக் கவசம் கிடையாது. ஒரே அடி, நிறத்தால் விழும்போது பழிவாங்கலைத் தூண்டுகிறது, சமூகத்தையே கலக்குகிறது; அதற்கு மாகாணம் கூடுதல் தண்டனை வைக்கலாம்.

தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் உறுதியானது, இன்றுவரை நிற்கிறது. ஆனால் ரெங்க்விஸ்ட் இதற்குத் துணைக்கழைத்த முன்தீர்ப்புகளைப் பார்க்கவேண்டும். ஒன்று, 1983இல் அவரே எழுதிய பார்க்ளே வழக்கு. ஃபுளோரிடாவில் வெள்ளையர்மீது இனப்போர் தொடங்கப்போவதாகச் சொல்லி ஓர் இளைஞரைக் கொன்ற கறுப்பினத்தவருக்கு மரண தண்டனை விதிக்கும்போது, நீதிபதி அந்த இன வெறுப்பைக் கணக்கில் எடுத்தது சரி என்றது அது. இன்னொன்று, 1992இல் அதுவும் அவரே எழுதிய டாசன் வழக்கு. டெலவேரில் கொலை செய்த வெள்ளையன் ஒருவன் 'ஆரிய சகோதரத்துவம்' என்ற சிறைக் கும்பலைச் சேர்ந்தவன் என்பதை ஜூரியிடம் சொன்னது தவறு என்று மரண தண்டனையை ரத்து செய்தது. சட்ட நியாயம் இரண்டிலும் சரியாகத்தான் இருக்கிறது. டாசன் கொன்றதும் ஒரு வெள்ளைப் பெண்ணைத்தான். அவனுடைய இனக் கொள்கைக்கும் அந்தக் கொலைக்கும் முடிச்சு இல்லை. ஆனாலும் உச்ச நீதிமன்றம் இரண்டாவது 'ஆல்' உருபைத் தயக்கமில்லாமல் கண்டுகொண்ட பார்க்ளே, மிட்செல் என்ற இரண்டு பெரிய வழக்குகளிலும் கூண்டில் நின்றவர் கறுப்பினத்தவர். கோல்ஃபாக்ஸில் எழுத விட்டுப்போனது என்று திருப்பி அனுப்பிய அதே நீதிமன்றம்.

வர்ஜீனியாவில் இந்த முடிச்சுக்கு ஒரு விசித்திரமான பின்குறிப்பு உண்டு. 1998இல் ஒரு கிளான் கூட்டத்தில் சிலுவை எரித்த பேரி பிளாக் என்பவருக்காக வாதாட முன்வந்தவர் டேவிட் பாவ், ஒரு கறுப்பின வழக்கறிஞர். இவனுக்குப் பேச்சுரிமை இல்லையென்றால் நாளைக்கு எனக்கும் இருக்காது என்ற கட்சி. வழக்கு வாஷிங்டனில் விசாரணைக்கு வந்தபோது, மேடையில் வாய் திறக்காததற்கே பேர்போன கிளாரன்ஸ் தாமஸ், அங்கிருந்த ஒரே கறுப்பின நீதிபதி, குறுக்கே பேசினார். எரியும் சிலுவை கருத்துச் சொல்வதற்கானது அல்ல, பயமுறுத்துவதற்கானது என்றார். 2003 தீர்ப்பில் பெரும்பான்மை பாதி வழி வந்தது: மிரட்டும் நோக்கத்தோடு எரித்தால் தடைசெய்யலாம், சும்மா எரித்தால் கூடாது.

நியூ ஜெர்சிச் சட்டத்துக்கும் சோதனை வந்தது. வெள்ளையர் மட்டுமே இருந்த வைன்லேண்ட் நகரக் குடியிருப்பு ஒன்றில் முதன்முதலாகக் குடியேறிய கறுப்பினக் குடும்பத்தின் வீட்டை நோக்கி 1994 டிசம்பரில் சார்லஸ் அப்ரெண்டி என்பவர் சுட்டார். நிறத்தால்தான் என்று முடிவுசெய்து தண்டனையைக் கூட்டியவர் நீதிபதி. 2000இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதை மறுத்தது: முன்பு தண்டிக்கப்பட்டவர் என்பதைத் தவிர, தண்டனையின் உச்சவரம்பை உயர்த்தும் எந்தக் காரணத்தையும் ஜூரிதான், ஐயத்துக்கு இடமின்றி, கண்டுபிடிக்க வேண்டும். பொட்டுக்காக எழுந்த ஒரு சட்டத்திலிருந்து கிளைத்த இந்த விதி, இன்று அமெரிக்காவின் எல்லாக் குற்ற வழக்குகளுக்கும் பொருந்துகிறது.

ஆக, ஜூரி பார்க்கவேண்டும். அதற்கு முன் வழக்கு ஜூரியிடம் வரவேண்டும். அதற்கும் முன் போலீஸ் கைது செய்யவேண்டும். 2017 ஜனவரி முதல் வாரத்தில் சிகாகோவில், மனநலக் குறைபாடுள்ள ஒரு வெள்ளை இளைஞரைக் கறுப்பின இளையோர் நால்வர் கட்டிவைத்து வதைத்து அதை ஃபேஸ்புக்கில் நேரலையாக ஒளிபரப்பினார்கள். கொடுமையில் சந்தேகமில்லை. இரண்டே நாளில் நால்வர் மீதும் வெறுப்புக் குற்றம் பதிவாயிற்று, நால்வரும் தண்டிக்கப்பட்டார்கள். 2020 பிப்ரவரி 23 அன்று ஜார்ஜியாவில் தெருவில் ஓட்டப்பயிற்சி செய்த 25 வயது அகமது ஆர்பரியை மூன்று வெள்ளையர்கள் இரண்டு வண்டிகளில் துரத்தி, மடக்கி, ஒருவர் சுட்டுக் கொன்றார். மூவரில் ஒருவர் உள்ளூர் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் முன்பு புலனாய்வாளராக இருந்தவர். இன்னொருவர் எடுத்த காணொளி அன்றே போலீஸ் கைக்குப் போனது. முதல் கைது நடந்தது 74ஆம் நாள், அந்தக் காணொளி ஊருக்கெல்லாம் கசிந்த பிறகு.

ஜார்ஜியாவில் அப்போது வெறுப்புக் குற்றச் சட்டமே இல்லை. 2000இல் இயற்றிய ஒன்றை, எதைத் தடுக்கிறது என்றே புரியவில்லை என்று மாகாண உச்ச நீதிமன்றம் 2004இல் தூக்கி எறிந்திருந்தது. ஆர்பரி செத்து நான்கு மாதம் கழித்துப் புதிது வந்தது. கொலை வழக்கில் பதினொரு வெள்ளையரும் ஒரு கறுப்பினத்தவரும் கொண்ட ஜூரிக்கு முன்னால் அரசுத் தரப்பு இனப் பேச்சை ஏறக்குறைய எடுக்கவே இல்லை. எடுத்தால் வழக்கு கெட்டுவிடும் என்ற பயம். மூவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. 'எதனால்' என்ற கேள்வி அப்படியே நின்றது. அதற்குப் பதில் சொன்னது 2022 பிப்ரவரி 22 அன்று மத்திய நீதிமன்ற ஜூரி: நிறத்தால். அவர்கள் கைபேசிகளில் கிடந்த பழைய செய்திகள் சாட்சி சொன்னன. வழக்குப் போட்ட சட்டம், வின்சென்ட் சின்னுக்காகப் போட்டுத் தோற்ற அதே 1968 சட்டம்.

அடுத்த மாதமே, கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்வதை மத்திய வெறுப்புக் குற்றமாக்கும், எம்மெட் டில் என்பவரின் பெயரிலான சட்டத்தில் குடியரசுத் தலைவர் பைடன் கையெழுத்திட்டார். இப்படியொரு மசோதாவை முதலில் கொண்டுவந்தவர் வட கரோலினாவின் கறுப்பின உறுப்பினர் ஜார்ஜ் ஹென்றி வைட், ஆண்டு 1900. நடுவில் ஏறத்தாழ இருநூறு தடவை தோற்றிருக்கிறது.

கோல்ஃபாக்ஸில் இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று, லூசியானா அரசு 1950இல் வைத்த இரும்புப் பலகை. 1873இல் நடந்ததைக் 'கலவரம்' என்று குறிப்பிட்டு, வடக்கிலிருந்து வந்தவர்களின் தவறான ஆட்சிக்கு அது முடிவு கட்டியது என்று பெருமைப்பட்டது. 2021 மே மாதம் அதைக் கழற்றி எடுத்தார்கள். 2023 ஏப்ரல், நூற்றைம்பதாவது ஆண்டு நினைவு நாளில், கொல்லப்பட்டவர்களில் பெயர் தெரிந்தவர்களின் பெயர்களைச் செதுக்கிய கருங்கல் நினைவுச்சின்னம் ஊருக்குள் எழுந்தது. மற்ற அடையாளம் கல்லறைத் தோட்டத்தில், 1921இல் நட்ட வெள்ளைச் சலவைக்கல் தூண். ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. அன்று செத்த மூன்று வெள்ளையரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. வெள்ளை மேலாதிக்கத்துக்காகப் போரிட்டு வீழ்ந்த வீரர்கள் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். எதனால் அடித்தோம் என்பதை மறைக்க வேண்டிய அவசியம் அந்தத் தூணை நட்டவர்களுக்கு இருக்கவில்லை.

(தொடரும்)